கண்ணும் தலையெழுத்தும்

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த பகுத்தறிவுக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



கண்ணைப் பற்றியும் தலையெழுத்தைப் பற்றியும் நான் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று கூட்டத்தைக் கூட்டியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் டாக்டர் அல்ல. டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் கண்டுபிடித்து வெளியிட்டிருப்பதைப் படித்து, நாம் வீட்டில் பேசுகிற பேச்சில் எடுத்துச் சொல்லுவதுதான் என் வேலை. நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சந்தேகம் உண்டானால் ஒரு கண் டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள். சரி என்று உங்கள் புத்திக்குப் பட்டால் மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! ஒருவனுக்கு வயிறு வலித்தால் என்ன தின்றாய் என்று கேட்கிறோம். காலில் முள் தைத்தால் எந்த வழியாய் நடந்தாய் என்று கேட்கிறோம். ஆனால் கண் போய்விட்டால் மாத்திரம், எந்த ஜன்மத்தில் என்ன பாவம் செய்தானோ என்கிறோம். ஒரே வீட்டில் பாட்டனுக்குப் போய், தகப்பனுக்குப் போய், மகனுக்கும் போனால் கேட்கவே வேண்டாம். குலதெய்வக் குற்றம் என்றும், யாரோ விட்ட சாபம் என்றும் சொல்லி, கடன் வாங்கிக் கிடா வெட்டக் கிளம்பிவிடுகிறார்கள். புது மருமகள் வந்த வருஷத்தில் மாமனாருக்குப் பார்வை மங்கினால், அந்தப் பெண் கால் வைத்த ராசி என்று பழி போடுகிறார்கள். மாமனாரின் கண்ணுக்கும் மருமகளின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவராவது கேட்கிறார்களா?

இந்தப் பக்கத்து வீரபாண்டியைப் பாருங்கள். முல்லையாற்றங்கரையில் கௌமாரியம்மன் கோவில் இருக்கிறது. பாண்டிய ராஜா ஒருவன் கண் தெரியாமல் அங்கே வந்து கும்பிட்டு, ஒரு கண்ணை அம்மனிடத்திலும் மற்றொரு கண்ணைப் பக்கத்திலுள்ள கண்ணீஸ்வரரிடத்திலும் திரும்பப் பெற்றுக்கொண்டான் என்று தலபுராணம் சொல்லுகிறது. சித்திரை மாதத்தில் ஜனங்கள் தீச்சட்டி எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாய்ப் போகிறார்கள். நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தக் கோவிலுக்கு ஐந்தாறு மைலுக்குள், தேனியில், 1985-ல் ஒரு கண் ஆஸ்பத்திரி திறக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது? கோவில் பூசாரிக்கே கண் மங்கினால் அவர் எங்கே போகிறார்?

அந்த ஆஸ்பத்திரியின் கதையும் கேட்கத் தகுந்தது. டாக்டர் வெங்கடசாமி என்பவர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அதைத் துவக்கினார். அதற்கு அரவிந்த் என்று, தாம் மதித்த ஓர் ஆன்மீகவாதியின் பெயரை வைத்தார். பெயர் எப்படியாவது இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே போனால் கண்ணைத் திறந்து பார்ப்பது பூதக்கண்ணாடிதான். அழுத்தத்தை அளப்பது கருவிதான். புரையை எடுப்பது கத்திதான். அந்த இடத்தில் மந்திரத்திற்கு வேலையே இல்லை.

இன்றைக்கு நான் சொல்ல வந்தது கண் புரையைப் பற்றி அல்ல. புரையினால் போன பார்வை ஆபரேஷன் செய்தால் திரும்பி வரும். திரும்பி வராத ஒன்று இருக்கிறது. அதற்குக் கிளாக்கோமா என்று பெயர். தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்க வைப்பது சுலபம். பெரியாற்றுத் தண்ணீர் எந்த யாகத்தினாலும் மலையைத் தாண்டி இங்கே வரவில்லை. பென்னிகுயிக் என்கிற எஞ்சினியரும், காட்டுக் காய்ச்சலில் செத்த எத்தனையோ கூலி ஜனங்களும் பாடுபட்டு, மலையைக் குடைந்து, 1895-ல் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அன்று முதல் மடையும், மதகும், வாய்க்காலும், தூர் வாருவதும் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகள்.

கண்ணும் ஒரு சிறு குளந்தான். கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீர் ஒன்று எந்நேரமும் ஊறிக்கொண்டே இருக்கிறது. அழுதால் வருகிற கண்ணீர் வேறு. இது உள்ளே இருக்கிற நீர். ஒரு நிமிஷத்துக்கு ஊறுவது ஒரு சொட்டில் இருபதில் ஒரு பங்குதான். என்றாலும் சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் முழுவதும் போய்ப் புது நீர் வந்துவிடுகிறது. போகிற வழி எது? கருவிழியின் ஓரத்தில், உள்பக்கத்து மூலையில், வலைபோல் பின்னிய ஒரு சல்லடை இருக்கிறது. அதன் வழியாய் வடிந்து, ஷ்லெம் என்கிற ஜெர்மன் பண்டிதர் 1830-ல் கண்டெழுதிய சிறு வாய்க்காலில் விழுந்து, ரத்தத்தோடு கலந்துவிடுகிறது.

அந்தச் சல்லடை வெறும் துணி அல்ல. அதில் உயிருள்ள செல்கள் குடியிருக்கின்றன. நீரில் வருகிற அழுக்கையும் தூளையும் விழுங்கி வழியைச் சுத்தமாய் வைத்திருப்பது அவைதான். சொல்லப்போனால் அவைதான் கண்ணுக்கு மடை காக்கிற ஆட்கள். தூர் வாருகிற ஆட்கள். அந்த ஆட்கள் செத்துக் குறைந்தால் என்ன ஆகும்? வரத்து நிற்காது, வடிகால் அடைபடும், தண்ணீர் ஏறும். ஏறின தண்ணீர் கரையில் எந்த இடம் இளப்பமாயிருக்கிறதோ அந்த இடத்தில்தான் முட்டும். கண்ணில் அந்த இளப்பமான இடம், பின்பக்கம் பார்வை நரம்பு புறப்படுகிற இடமாகும். அந்த நரம்பில் சுமார் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாய்ச் சாகின்றன. செத்த இழை மறுபடியும் முளைப்பதில்லை.

இதில் பெரிய மோசம் என்னவென்றால், சாதாரணமாய் வருகிற வகையில் வலி கிடையாது, சிவப்பு கிடையாது. முதலில் போவது பக்கத்துப் பார்வை. நடுப்பார்வை கடைசி வரையில் இருக்கிறது. ஆகையால் எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரிகிறது. ரூபாய் நோட்டுத் தெரிகிறது. நமக்கென்ன குறை என்று இருந்துவிடுகிறார்கள். விடியற்காலை இருட்டில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண் ஒருத்தி, பக்கத்தில் வருகிற வண்டியைக் காணாமல் நடக்கிறாள். பள்ளத்தில் கால் வைக்கிறாள். கவனமில்லாதவள் என்று கங்காணி திட்டுகிறான். அவளுடைய நரம்பில் பாதி போய்விட்டது என்பது அவளுக்கும் தெரியாது, திட்டுகிறவனுக்கும் தெரியாது.

இது என்னுடைய கற்பனை என்று நினைக்காதீர்கள். அரவிந்த் ஆஸ்பத்திரிக்காரர்கள் நம் தென் மாவட்டங்கள் மூன்றில் கிராமம் கிராமமாய்ப் போய், 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரைப் பரிசோதித்து, 2003-ல் கணக்கை வெளியிட்டார்கள். 100-க்கு 2.6 பேருக்கு ஏதாவது ஒரு வகைக் கிளாக்கோமா இருந்தது. அதில் நான் சொன்ன வலியில்லாத வகை 100-க்கு 1.7 பேருக்கு. அந்த வகைக்காரர்களில் 100-க்கு 93 பேருக்குத் தங்களுக்கு அந்த நோய் இருக்கிறதென்றே அதற்கு முன் தெரியாது. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது பார்வை போயிருந்தது. தோழர்களே, 93 பேர்! இந்த 93 பேரும் எத்தனை முறை கோவிலுக்குப் போயிருப்பார்கள், எத்தனை ஜோசியனிடம் கை நீட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எந்தத் தெய்வமாவது, எந்த ஜோசியனாவது ஒரு வார்த்தை சொன்னதுண்டா?

இனி, ஏன் ஒரே குடும்பத்தில் பலருக்கு வருகிறது என்பதைப் பார்ப்போம். ஜீன் என்று இங்கிலீஷில் சொல்லுவதைத் தமிழில் மரபணு என்கிறார்கள். அது மந்திரம் அல்ல. ஒரு எழுத்துக் குறிப்பு. நான்கே எழுத்துக்களை மாற்றி மாற்றி வைத்து எழுதப்பட்டது. இன்ன புரதத்தை இன்ன விதமாய்ச் செய் என்று செல்லுக்குச் சொல்லுகிற உத்தரவுச் சீட்டு அது. தகப்பனிடமிருந்து ஒரு பிரதியும் தாயிடமிருந்து ஒரு பிரதியும் நமக்கு வருகின்றன.

1997-ல் அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் ஸ்டோன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கிளாக்கோமாவுக்குக் காரணமான ஒரு மரபணுவைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதிலிருந்து உண்டாகிற புரதத்துக்கு மயோசிலின் என்று பெயர். அது 504 கண்ணிகள் கொண்ட சங்கிலி. நான் சொன்ன மடை காக்கிற செல்கள் அதைச் செய்து வெளியே கண் நீரில் விடுகின்றன. உத்தரவுச் சீட்டில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போனால் சங்கிலி கோணலாய் மடிகிறது. ஐரோப்பியரிடத்தில் அதிகமாய்க் காணப்படுகிற ஒரு பிழையில், சங்கிலி 368-வது கண்ணி வரவேண்டிய இடத்திலேயே அறுந்து நின்றுவிடுகிறது. கோணலான சரக்கு வெளியே போவதில்லை. செய்த செல்லுக்குள்ளேயே தேங்குகிறது. மற்றப் பிரதியிலிருந்து உண்டாகிற நல்ல சரக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளுகிறது. தன் வீட்டுக்குள் குப்பை நிறைந்து மூச்சுமுட்டிச் சாகிறவனைப்போல அந்தச் செல் திணறிச் சாகிறது. ஆள் செத்தபின் மடை அடைபடுகிறது, அழுத்தம் ஏறுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஓர் அதிசயம் இருக்கிறது. இந்த மயோசிலின் அடியோடு உண்டாகாதவர்கள் சிலரை ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிளாக்கோமா வரவில்லை. ஆகவே, புரதம் இல்லாததால் கேடு வரவில்லை. கெட்டுப்போன புரதம் உள்ளே தங்கிவிடுவதால்தான் கேடு வருகிறது. நம் ஜனங்களின் மூளைக்கும் இது பொருந்தும் என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.

இன்னொன்று. பிழையான புரதங்கள் சிலவற்றைச் செய்கிற செல்களை 37 டிகிரிச் சூட்டில் வைக்காமல் 30 டிகிரியில் வைத்து வளர்த்துப் பார்த்தார்கள். தேங்கின சரக்கில் ஒரு பாகம் சரியாய் மடிந்து வெளியே போயிற்று. 2017-ல் எலிகளின் கண்ணில் அந்தப் பிழையுள்ள மரபணுவையே வெட்டி வேலை செய்யாமலாக்கி, அழுத்தத்தைக் குறைத்தும் காட்டினார்கள். எலியில் ஆனது மனிதனுக்கு ஆகிவிட்டதென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். சூட்டைக் குறைத்தால் மாறுகிற எழுத்து, கத்தரித்தால் நின்றுபோகிற எழுத்து, அது பிரம்மன் எழுதின எழுத்தா? பிரம்மன் எழுதினது அழியாது என்றல்லவா நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். விதி என்ற வார்த்தையை விட்டுவிட்டு, மரபணு என்ற வார்த்தையை அந்த இடத்தில் உட்கார வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். வலியில்லாத வகைக் கிளாக்கோமாக்காரர்கள் 100 பேரில் மயோசிலின் பிழையுள்ளவர்கள் சுமார் மூன்று நான்கு பேர்தான். சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சிக்காரர்கள் 2004-ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும், இந்தியர்களிடத்தில் இந்தப் பிழை குறைவாகவே காணப்படுகிறதென்றுதான் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பல மரபணுக்கள் சேர்ந்தும், வயது சேர்ந்தும் வருகிறது. 368-வது கண்ணியில் அறுகிற பிழையை வைத்துக்கொண்டே கிழவராகிறவரையில் நோயில்லாமல் இருப்பவர்களும் பலருண்டு. ஆகவே மரபணு என்பது தீர்ப்பல்ல. முன்கூட்டி வருகிற தாக்கீது. தாக்கீது வந்தவன் செய்ய வேண்டியது என்ன? அழுவதா? போய்ப் பார்ப்பதா?

பிறவியிலேயே எல்லாம் இருக்கிறது என்று இப்போது விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, ஆகையால் ஜாதியும் ரத்தத்தில்தான் இருக்கிறது என்று சில புத்திசாலிகள் பேசுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லுவது: மயோசிலின் சங்கிலிக்குப் பார்ப்பானிடத்திலும் 504 கண்ணி, பஞ்சமன் என்று ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவனிடத்திலும் 504 கண்ணி, வெள்ளைக்காரனிடத்திலும் அதேதான். பிழை விழுந்தால் எவனுடைய மடையும் ஒரே விதமாய்த்தான் அடைபடுகிறது. பூணூலைக் கண்டு அழுத்தம் இறங்குவதில்லை. தலைமுறைக்குத் தலைமுறை இறங்குவது புரதம் செய்கிற குறிப்புத்தான். மேன்மையும் இழிவும் அதில் எழுதப்படவில்லை. அவை மனிதன் எழுதி வைத்துக்கொண்டவை.

ஜாதியையும் சொத்தையும் காப்பாற்றுவதற்காக நாம் செய்கிற ஒரு காரியத்துக்குக் கண்ணிலும் கணக்கு வருகிறது. சில குழந்தைகளுக்குக் கண்ணின் வடிகால் கர்ப்பத்திலேயே சரியாய் உண்டாவதில்லை. இதற்கான மரபணு ஒன்றும் 1997-ல்தான் தெரிந்தது. சி.ஒய்.பி.1பி1 என்று அதற்குப் பெயர். இது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வருகிற இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தால்தான் நோயைத் தரும். ஒரு பிரதி மாத்திரம் கெட்டவர்கள் சுகமாகவே இருப்பார்கள். அப்படிப்பட்ட இருவர் கலியாணம் செய்துகொண்டால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். ஒரே பிழை இருவரிடத்திலும் இருப்பது எப்போது சுலபம்? ஒரே பாட்டன் வீட்டிலிருந்து இருவரும் வந்தால்தானே? தாய்மாமனுக்கும், அத்தை மகனுக்கும் பெண்ணைக் கட்டி வைப்பது நமக்கு வழக்கம். 2019-21 குடும்பநலக் கணக்கின்படி தமிழ்நாட்டுக் கலியாணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் ரத்த சொந்தத்துக்குள் நடந்தவை. சொந்தத்தில் கட்டின எல்லோருக்கும் இப்படிப் பிறக்கும் என்பதல்ல. அபாயம் கூடுகிறது என்பதுதான். அந்தக் குழந்தைக்கு அழுத்தத்தினால் கண்ணே பெரிதாகிறது. வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறது, கண்ணில் நீர் வடிகிறது, கருவிழி மங்குகிறது. வந்து பார்க்கிறவர்களோ, ஆகா, எவ்வளவு பெரிய கண், லட்சுமி கடாட்சம் என்று திருஷ்டி சுற்றிப் போடுகிறார்கள். சுற்றிப் போடுகிற ஒவ்வொரு மாதமும் அந்தக் குழந்தைக்கு நஷ்டம். உடனே டாக்டரிடம் கொண்டுபோனால் ஆபரேஷன் செய்து பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு.

பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இரண்டு வீட்டிலும் யாருக்காவது சிறு வயதில் கண் போயிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? சொந்தத்தையும் ஜாதியையும் தாண்டி, புரோகிதனில்லாமல் நடக்கிற சுயமரியாதைக் கலியாணத்துக்கு 1967-ல் அண்ணாதுரை அவர்களின் ஆட்சியில் சட்டமே வந்துவிட்டது. அது மானத்துக்கும் நல்லது; குழந்தையின் கண்ணுக்கும் நல்லது என்று இன்று சேர்த்துச் சொல்லலாம்.

மருந்துக் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண் உறுத்தினால் கடையில் போய் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிக்கொள்ளுகிறோம். அதில் பலவற்றில் ஸ்டீராய்டு என்கிற சரக்கு இருக்கிறது. உறுத்தல் உடனே நிற்கிறது. நல்ல மருந்து என்று மாதக்கணக்காய் ஊற்றுகிறோம். ஆனால் சிலருக்கு அது அந்தச் சல்லடைச் செல்களின் வேலையைக் கெடுத்து அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. மயோசிலின் என்கிற புரதம் ஆராய்ச்சிக்காரர்களின் கண்ணில் பட்டதே, ஸ்டீராய்டு பட்டவுடன் அந்தச் செல்கள் அதை ஏராளமாய்ச் செய்வதைக் கண்டுதான். டாக்டர் பார்த்துக் கொடுத்தால் அது மருந்து. நாமே வாங்கி ஊற்றினால் அபாயம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மூன்றே காரியங்கள்.

முதலாவது, 40 வயது தாண்டின ஆணும் பெண்ணும் கண்ணைக் காட்டிவிட வேண்டும். கண்ணாடிக்கு நம்பர் பார்ப்பது போதாது. அழுத்தத்தை மாத்திரம் அளப்பதும் போதாது. ஏனென்றால் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு உட்பட்ட, சாதாரணமான அழுத்தத்திலேயே நரம்பு கெடுகிறவர்கள் பலருண்டு. பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேனிக்குப் போக வண்டிச் சத்தமில்லை என்ற சாக்கும் இப்போது இல்லை. போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் பார்வை மையங்கள் வைத்து, அங்கிருந்தே தேனியிலுள்ள டாக்டர் பார்க்கும்படி கம்பியில்லா இணைப்பு ஏற்படுத்தினார்கள். க.விலக்கில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

இரண்டாவது, வீட்டில் ஒருவருக்குக் கிளாக்கோமா என்று தெரிந்தால், கூடப் பிறந்தவர்களும் பெற்ற பிள்ளைகளும் அத்தனை பேரும் போக வேண்டும். ஹாலந்து தேசத்தில் ராட்டர்டாம் நகரத்தில் கணக்கெடுத்து 1998-ல் வெளியிட்டார்கள். நோயாளியின் நெருங்கிய உறவினருக்கு ஆயுளில் இந்த நோய் வருகிற அபாயம் 100-க்குச் சுமார் 22; மற்றவர்களுக்கு 100-க்கு 2.3. ஒன்பது மடங்கு! ஆனால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? பெண்ணுக்குக் கலியாணம் தடைப்படும் என்று தகப்பன் நோயை மறைக்கிறான். மறைப்பதால் நோய் மறைவதில்லை. அண்ணன் தம்பிகளின் கண்ணும் சேர்ந்து மறைகிறது. முக்கியமாய்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகனைக் காட்டிவிட்டு மகளை விட்டுவிடுவது மரபணுவுக்குத் தெரியாது. அது பெண்ணுக்கும் அதே அளவுதான் இறங்குகிறது.

மூன்றாவது, சொட்டு மருந்து கொடுத்தால் நிறுத்தாதீர்கள். அந்த மருந்து நீர் ஊறுவதைக் குறைக்கும், அல்லது வடிவதைக் கூட்டும். அதனால் போதாவிட்டால் லேசர் ஒளியாலோ ஆபரேஷனாலோ வழி செய்வார்கள். போன பார்வை எதனாலும் திரும்பாது; அதை உங்களுக்கு மறைத்துச் சொல்ல நான் பூசாரியல்ல. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம். பார்வை கூடவில்லையே, மருந்தினால் என்ன பிரயோஜனம் என்று நிறுத்தினவர்கள்தான் முழுவதும் இழக்கிறார்கள். வாய்க்காலைத் தூர் வாரினால் சென்ற வருஷத்துச் சாவியான பயிர் எழுந்து நிற்குமா? இந்த வருஷத்துப் பயிர் பிழைக்கும், அவ்வளவுதான். அது போதாதா?

தோழர்களே! தலையெழுத்து என்று ஒன்று உண்டென்றால், அது செல்லுக்குள் இருக்கிறது. அதை மனிதன் வாசித்துவிட்டான். வாசித்ததைத் திருத்தவும் முயன்றுகொண்டிருக்கிறான். அதுவரையில் மடை அடைபட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற வேலை நம்முடையது. அடுத்த சித்திரைக்கு வீரபாண்டிக்குப் போகிறவர்கள் போங்கள். உங்கள் காலை நான் கட்டவில்லை. ஆனால் அதற்கு முன்னால் தேனியில் இறங்கிக் கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.